இல்லாத பம்ப்புகளும் என் கையெழுத்தும்

தீர்ப்பின் சான்றிட்ட நகல் இன்று காலை கைக்கு வந்து சேர்ந்தது. நம் இருவருக்கும் குமாஸ்தாவான முஹுரி தாதாதான் கொண்டுவந்தார். வெளியே கொட்டுகிற மழையில் மனிதர் தொப்பலாக நனைந்திருந்தார். நகலை மட்டும் இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டு, சட்டைக்குள் அணைத்து, கைக்குழந்தையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்திருந்தார். மேசையில் வைத்துப் பிரித்ததும் அந்த வாசனை எழுந்தது. புதுக் காகிதம், பசை, ஊதா முத்திரை மை. எந்தத் தீர்ப்பு வந்தாலும் படிப்பதற்கு முன்னால் நீ அதை முகர்ந்து பார்ப்பாய். "சூடு ஆறலட்டி, இப்பதான் அடுப்புலேருந்து எறக்கிருக்கான்" என்பாய். இன்று நான் முகர்ந்து பார்த்தேன். முஹுரி தாதா ஜன்னல் பக்கம் திரும்பித் தலையைத் துவட்டுகிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

ஜெயித்துவிட்டோமடி. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்; எனக்கு எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும் என்று உனக்குத் தெரியாதா. வடிகால் வாரியத் தலைவர் குற்றவாளி. அவருடைய தலைமைப் பொறியாளரும் குற்றவாளி. தடிமனான தீர்ப்பு, ஒரு கையால் தூக்க முடியவில்லை. அதில் ஓரிடத்தில், இந்த வழக்கை முதலில் நடத்திய அரசு வழக்கறிஞர் என்று உன் பெயர் முழுதாக, எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறேன். பக்கத்தை மடித்தால் உனக்குப் பிடிக்காது. திட்டிக்கொள்.

நம் பழக்கமே சண்டையில் தொடங்கியதுதான். நீ கிதிர்பூர் துறைமுகக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்தவர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம். நான் திருநெல்வேலியில் சட்டம் படித்து, வீட்டுக்காரரின் மத்திய அரசு உத்தியோகத்தால் இந்த ஊரில் வந்து இறங்கியவள். நீதிமன்ற வராந்தாவில் ஒருநாள், யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில், "இங்க ஒருத்தி என்ன இந்தக் கத்து கத்துதா" என்று வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். நீ திரும்பிப் பார்த்து, "கத்தலைன்னா ஜட்ஜு தூங்கிருவாரு, கேட்டியா?" என்றாய். அன்று மதியமே உன் டப்பாவிலிருந்து சொதி சாப்பிட்டேன். அடுத்த வருடம் டாலிகஞ்சில் தரைத்தள அறை ஒன்றைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம்.

தரைத்தளம் என்றால் இந்த ஊரில் என்ன அர்த்தம் என்பது முதல் மழையிலேயே விளங்கிவிட்டது. சட்டப் புத்தகங்களை நீ நான்காவது தட்டிலிருந்துதான் அடுக்குவாய். கீழே இருக்கும் மூன்று தட்டுகளும் தண்ணீருக்கு. கட்சிக்காரர்கள் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்து வந்து, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வழக்கைச் சொல்வார்கள். நீயும் நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டு கேட்பாய்.

அதனால்தானோ என்னவோ, பம்ப் வழக்கு வந்தபோது நீ அதைச் சொந்தச் சண்டையாகவே எடுத்துக்கொண்டாய். அதற்குள் நாம் இருவருமே அரசு வழக்கறிஞர் பட்டியலில் இருந்தோம். ஊழல் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்தில் நீ. திருட்டு, அடிதடி வழக்குகளில் நான். மழைத் தண்ணீரை வெளியேற்ற நகரின் தெற்கே எட்டு இடங்களில் பெரிய பம்ப்புகள் வைத்து ஓட்டுவதாக ஒரு வடிகால் வாரியம் சொல்லிக்கொண்டிருந்தது. நீ நேரில் போய்ப் பார்த்தாய். எட்டு சிமெண்ட் மேடைகள் இருந்தன. ஒன்றில் ஆடு கட்டியிருந்தது. இன்னொன்றில் யாரோ பருப்பு வடகம் காயப்போட்டிருந்தார்கள். பம்ப் மட்டும் இல்லை. ஆனால் அந்தப் பம்ப்புகள் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் ஓடின என்று ஆபரேட்டர்கள் எழுதிக் கையெழுத்திட்ட பதிவேடுகள் எட்டும் மணிமணியாக இருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் இல்லாத பூசணிக்காயை இலை போட்டுப் பரிமாறியிருந்தார்கள்.

வாரியத் தலைவர் தேர்தலில் நின்றவர் இல்லை. யார் நிற்கலாம் என்று சொல்லும் இடத்தில் இருந்தவர். அதிகாரத்தில் இருந்தவர்களில் அவர் வீட்டு வரவேற்பறையில் காத்துக்கிடக்காத ஆள் குறைவு. குற்றப்பத்திரிகையில் அவர் பெயரைப் பார்த்ததுமே நான், "இது நடக்கிற காரியமாட்டி?" என்று கேட்டேன். "நடக்கலைன்னா நம்ம நடத்துவோம்" என்றாய்.

சாட்சி விசாரணைக்கு ஒரு மாதம் இருக்கும்போது சட்டத் துறையிலிருந்து அந்த உறை வந்தது. வழக்கைத் திரும்பப் பெறுவதற்கான மனு, அழகாகத் தட்டச்சு செய்து, உன் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு. ஒரு வழக்கைத் திரும்பப் பெற அரசு ஆசைப்பட்டால் போதாது. வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞர் தானே படித்து, தானே யோசித்து, இது என் சொந்த முடிவு என்று நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். நீதிபதியும் அதை ஏற்க வேண்டும். அரசாங்கம் யோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது. சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் ஒரே முதுகெலும்பு அதுதான். துறைக்கும் அது தெரியும். அதனால் மூன்றாவது பத்தியில், பதிவேடுகளை நேரில் பரிசீலித்து, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, சுயமாகச் சிந்தித்து இந்த முடிவுக்கு வந்திருப்பதாக அவர்களே அடித்து அனுப்பியிருந்தார்கள்.

நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏட்டி, இங்க பாரு. நான் என்ன சிந்திச்சேன்னு அவனுவளே டைப் பண்ணி அனுப்பிருக்கானுவ. எனக்கு வேலை மிச்சம்!" பிறகு சிரிப்பு அடங்கியதும் பேனாவை எடுத்து மனுவின் தலைப்பில், இதிலுள்ள கருத்து என்னுடையது அல்ல, எழுதியவரே வந்து கையெழுத்திடலாம் என்று எழுதினாய். அன்றைக்கே திருப்பி அனுப்பியும் விட்டாய்.

"ஏன் இந்தத் துடுக்கு? கொஞ்சம் பக்குவமா எழுதக் கூடாதா?" என்றேன்.

"தூர்!" என்றாய். உன் கோபம் எப்போதும் வங்காளத்தில்தான் வரும்.

பத்தே நாளில் உன்னை அந்த வழக்கிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. காரணம், நிர்வாக வசதி. உன் இடத்தில் போட்டிருந்த பெயரைப் படித்தபோது எனக்குக் காது அடைத்தது. என் பெயர்.

ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. நான் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். யாரையும் பகைத்துக்கொண்டதில்லை. நீ பேசினால் வராந்தாவே திரும்பும்; நான் பேசினால் நீதிமன்ற ஸ்டெனோ, "மேடம், கொஞ்சம் சத்தமா" என்பார். இன்னொன்றும் உண்டு. அந்தச் சிறப்பு நீதிமன்றப் பதவி மேல் எனக்கு ஆசை இருந்தது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாத ஆசை. உத்தரவைப் பார்த்துக் காது அடைத்தது உண்மை. உள்ளே எங்கோ கொஞ்சம் இனித்ததும் உண்மை. நீ இருந்தபோது இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு எப்படியும் தெரிந்திருக்கும்.

அந்த வாரம் நீ என்னோடு வழக்கம் போலத்தான் பேசினாய். ஜாதவ்பூரில் உன் வீட்டு மாடிக்குப் புதிதாக வந்த குடித்தனம், காலையில் அவர்கள் வாசிக்கும் ஹார்மோனியம், சந்தைக்கு இன்னும் வந்து சேராத இலிஷ் மீன், எல்லாம் பேசினாய். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்துப் போடாதே என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், பாரத்தை உன் தலையில் இறக்கிவிட்டு நான் நிமிர்ந்திருப்பேன். நீ சொல்லவில்லை. எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது.

துறையின் இணைச் செயலாளர் என்னைச் செயலகத்துக்கு அழைத்தார். நல்ல குளிர்ச்சியான அறை. டீ, சந்தேஷ் இனிப்பு, வீட்டுக்காரரின் உடல்நலம் பற்றிய விசாரிப்பு. மனுவைப் பற்றிப் பேசவே இல்லை. எழுந்து வரும்போதுதான், "உங்க தோழி கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டவங்க. நீங்க நிதானமானவங்கன்னு எல்லாரும் சொல்றாங்க" என்று வங்காளத்தில் மெதுவாகச் சொன்னார். மிரட்டல் என்று சொல்ல அதில் ஒரு சொல்கூட இல்லை. சந்தேஷும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு சாப்பிட்டேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மறுநாள் அறையில் நீ இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். வழக்குக் கட்டு மேசையில் இருந்தது. கட்டியிருந்த நாடாவை நான் அவிழ்க்கவில்லை. அவிழ்த்துப் படித்தால் கையெழுத்துப் போட முடியாமல் போய்விடும் என்று மனசுக்குத் தெரிந்திருந்தது. துறை என் பெயரில் மறுபடி அடித்து அனுப்பியிருந்த மனுவை முஹுரி தாதா எடுத்து வைத்தார், போட்டேன். கையெழுத்தின் மேல் ஊதி மையைக் காயவைப்பது அவர் பழக்கம். அன்று ஊதவில்லை. தாளை எடுத்துக்கொண்டு போனார்.

விசாரணைக்கு வந்த நாளில் நீதிமன்றத்தில் கூட்டம் அதிகம் இல்லை. வாரியத் தலைவர் கஞ்சி போட்ட வெள்ளை ஜிப்பாவில், கூட வந்தவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். வழக்கின் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தேன். அப்போதுதான் பார்த்தேன், பின்வரிசை பெஞ்சில் நீ. மடியில் கைப்பையோடு, தன் முறைக்குக் காத்திருக்கும் கட்சிக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தாய்.

நீதிபதி மனுவை நிதானமாகப் படித்தார். "பதிவேடுகளை நேரில் பரிசீலித்ததாகச் சொல்கிறீர்கள். அவை எட்டும் முத்திரை வைத்து இந்த நீதிமன்றத்தின் அலமாரியில் இருக்கின்றன. முத்திரை இன்னும் உடையவில்லையே" என்றார்.

மனுவை அடித்து அனுப்பியவர்கள் இதைக் கவனிக்கவில்லை. நானாவது கட்டைப் பிரித்திருந்தால் முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும். நீதிபதி நல்ல மனிதர். நான் விழிப்பதைப் பார்த்து அவரே ஒரு வழியும் விட்டார். "நகல்களைப் பார்த்திருப்பீர்கள், அப்படித்தானே?"

தலையை ஆட்டினால் போதும். வழக்கு போய்விடும், பதவி தங்கும், சாயங்காலம் செயலகத்திலிருந்து ஓர் இனிப்புப் பெட்டிகூட வரும். அப்போது பின்னால் நீ இருமினாய்.

நான் தலையை ஆட்டவில்லை. "இல்லை, யுவர் ஆனர். நகலையும் பார்க்கவில்லை. எதையும் படிக்கவில்லை. கையெழுத்து என்னுடையது, கருத்து என்னுடையது இல்லை. அடித்து வந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். அது என் தவறு. இந்த மனுவை நான் வலியுறுத்தப் போவதில்லை. வழக்கை நடத்தத் தயாராக இருக்கிறேன்" என்றேன். ஸ்டெனோ நிமிர்ந்து பார்த்தார். சத்தமாகப் பேசச் சொல்லி அன்று அவர் கேட்கவில்லை.

"இது உங்கள் சொந்த முடிவா?" என்றார் நீதிபதி.

"ஆமாம்."

நான் சொன்னதை வரிக்கு வரி உத்தரவில் பதியவைத்தார். வாரியத் தலைவர் பக்கம் பேச்சு நின்றிருந்தது.

வெளியே வந்ததும் உன் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு நின்றேன். "பசிக்குதுட்டி. வா" என்றாய். கரியாஹாட் போய், நடைபாதைக் கடையில் நின்று புச்கா பூரி சாப்பிட்டோம். புளித்தண்ணீர் முழங்கை வரை வழிந்துகொண்டிருக்கையில் மெல்லக் கேட்டேன்.

"நீ இருமினது எனக்குத்தான?"

"தூர்! புழுதிட்டி. உனக்குச் சிக்னல் குடுக்கவா நான் வந்தேன்?"

"பின்ன எதுக்கு வந்த?"

"பாக்கதுக்கு."

"ஒரு வாரமா வாயே தொறக்கலியே. போடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?"

நீ வாயிலிருந்ததை முழுசாக மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாய். "அவன் சொன்னான்னு போட்ட. நான் சொன்னேன்னு போடாம இருந்திருந்தா அதுவும் அதேதானட்டி. அதுல நீ எங்கன இருக்க?" சொல்லிவிட்டுக் கடைக்காரரிடம் இன்னும் கொஞ்சம் காரம் கேட்டாய்.

அந்த இருமல் புழுதியால் வந்தது இல்லை என்று அடுத்த வருடம் மருத்துவர் சொன்னார்.

என்னையும் நீக்கப் பார்த்தார்கள். ஆனால் உத்தரவில் ஏறியது ஏறியதுதான்; அழிக்க முடியாது. மறுநாள் பத்திரிகைகளிலும் வந்துவிட்டது. ஒரே வழக்கில் இரண்டாவது ஆளையும் தூக்கினால் உயர் நீதிமன்றம் கூப்பிட்டுக் கேட்கும் என்று துறையிலேயே யாரோ எச்சரித்தார்களாம். அதனால் வேறு வழியில் நோகடித்தார்கள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய பதவி அது. கடைசி நாள் சாயங்காலம் வரை உத்தரவு வராது. நான் விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "உன்ன ஊறப்போடுதானுவ. ஊறின பருப்புதான் நல்லா அரைபடும், பயப்படாத" என்பாய். பிறகு நீயும் நான் பார்க்காதபோது கடிகாரத்தைப் பார்ப்பாய்.

உனக்கோ அரசு வழக்கறிஞர் பட்டியலிலேயே இடம் போயிற்று. வாடகைத் தகராறு வழக்குகளுக்குத் திரும்பினாய். ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. சாயங்காலங்களில் எதிரே உட்கார்ந்து, நான் தயாரித்த கேள்விகளை எதிர்த்தரப்பு வக்கீல் மாதிரி உரக்கக் கிழித்துப் போடுவாய். நமக்குள் பெரிய பெரிய சண்டைகள் நடந்தன. மூன்றாவது சாட்சியை விட்டுவிடலாம் என்று நீ சொன்னதை நான் கேட்கவில்லை. அந்தச் சாட்சிதான் கடைசியில் பொறியாளரைக் கவிழ்த்தார். நீ இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள், "சரி, அது உன் புத்தி" என்று ஒப்புக்கொண்டாய். அந்த ஒன்றை நான் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பம்ப் ஆபரேட்டர் கூண்டில் ஏறிய நாள் உனக்கு நினைவிருக்கும். ஐம்பது வயது, ஒல்லியான ஆள், சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். பம்ப் இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு எதை ஓட்டியதாக எழுதினீர்கள் என்றேன். "இல்லாததைத்தான் ஓட்டினேன், மேடம். மழை ஜாஸ்தியான நாள்ல கூடுதல் நேரம் ஓட்டினேன்" என்றார். நீதிமன்றமே சிரித்தது. அடுத்த கேள்வி என் தாளில் தயாராக இருந்தது. ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்? அதை நான் எந்த வாயால் கேட்பேன்? தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டேன்.

"வேலை போயிடும்னு பயம், மேடம்."

"இப்போது மட்டும் ஏன் உண்மையைச் சொல்கிறீர்கள்?" இது தாளில் இல்லாத கேள்வி. அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"கேஸ் வர்றதுக்கு முந்தின மழைக்கு என் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருந்தா. வீட்டுக்குள்ள தண்ணி. கட்டிலோட தூக்கிட்டுப் போனோம். நான் அன்னைக்கும் பம்ப் ஓடுதுன்னு எழுதிட்டுத்தான் வந்திருந்தேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் நாள் முழுக்கக் குடைந்தும் அவர் அசையவில்லை. அன்று சாயங்காலம் நீ சொன்னாய், "உன்ன விட அவரு நல்லா சொன்னாருட்டி." எனக்கும் அதில் மறுப்பு இல்லை.

துர்கா பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் என்னிடம் கடைசியாகப் பேசியது வழக்கைப் பற்றிக்கூட இல்லை. "நாலாவது தட்டுல புஸ்தகத்தை மாத்தி அடுக்காத" என்றாய். நான் அழுதேன். தெருவெல்லாம் பந்தல் போட்டு, டாக்கு மேளம் அடித்துக்கொண்டிருந்தபோது அறைக்குள் உட்கார்ந்து அழுதேன். எதிரே உரக்கத் திட்ட ஆள் இல்லாமல் இறுதி வாதத்தை எழுதி முடித்தேன். அதில் சில இடங்கள் பலவீனமாகத்தான் இருந்தன. நீ பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டாய்.

தீர்ப்பு நாளை உனக்குச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஏறும் சந்துகளிலிருந்து ஒரு கூட்டமே வந்திருந்தது. வயதான மாஷிமா ஒருவர் பழக்க தோஷத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே நீதிமன்றப் படி ஏறினார்; வெளியே நல்ல வெயில். நீதிபதி படிக்கத் தொடங்கினார். குற்றவாளி என்ற சொல் வந்ததும் ஆபரேட்டர் எழுந்து நின்றார். யாரும் நிற்கச் சொல்லவில்லை, அவராக நின்றார். நீதிமன்றத்துக்குள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாக இருந்தார்கள். வராந்தாவுக்கு வந்ததுதான் தாமதம், அந்த மாஷிமா உதட்டில் கையை வைத்து உலு என்று குலவையிட்டார். கல்யாண வீட்டில் போல மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று மாடியும் எதிரொலித்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "இது கோர்ட், இது கோர்ட்" என்று சொல்லிப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். எனக்கும் ஆசையாக இருந்தது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் நாக்கு அப்படிச் சுழல வரவில்லை. உனக்கு வரும். உனக்கும் சேர்த்து முயற்சி பண்ணினேன். பூனை கத்தினது போல இருந்தது என்று முஹுரி தாதா சொன்னார்.

அடுத்த நாள் வக்கீல்கள் அறையில் எனக்குச் சால்வை போட்டார்கள். அஞ்சாத பெண்மணி என்று ஒருவர் பேசினார். கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. மைக்கைக் கொடுத்தபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த மனுவில் கட்டைப் பிரிக்காமல் கையெழுத்துப் போட்டவள் நான்தான். போட மறுத்தவள் இன்னொருத்தி. அவள் வேலையை இழந்தாள், அந்த வேலையைத்தான் நான் பார்த்தேன் என்றேன். பிறகு கடைசி வரிசையில் யாரோ உன் பெயரைச் சொல்லிக் கைதட்ட, எல்லோரும் எழுந்து தட்டினார்கள். எவ்வளவு நேரம் தட்டினார்கள் என்று நான் பார்க்கவில்லை. என் கண் சரியாகத் தெரியவில்லை.

இதோடு முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் போன வாரம் செயலகத்திலிருந்து பூங்கொத்தும் அதோடு ஒரு கோப்பும் வந்தன. இந்த முறை திரும்பப் பெறச் சொல்லவில்லை. புதிதாக வழக்குப் போடத் தகுந்தது என்று கருத்து எழுதித் தர வேண்டும். குற்றம் சாட்டப்படுபவர் எதிர்க்கட்சித் தலைவர். எனக்கும் அந்த ஆளைக் கண்டால் ஆகாது. டிவியில் வந்தால் சேனலை மாற்றுவேன். ஊழலை எதிர்த்து ஜெயித்தவள் கையால் வழக்குப் போட்டால் ஊர் நம்பும் என்று யாரோ கணித்திருக்கிறார்கள். நாடாவை அவிழ்த்து மூன்று நாள் படித்தேன். சம்பவ இடத்தில் அவரைப் பார்த்ததாக ஒரு சாட்சி சொல்கிற அதே நாளில், அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததற்குக் கோப்பிலேயே காகிதம் இருக்கிறது. மீதியெல்லாம் வாய்வார்த்தை. வழக்குப் போட ஆதாரம் இல்லை என்று என் கைப்பட நான்கு வரி எழுதி, நேற்று அனுப்பிவிட்டேன்.

இன்று மதியம், இந்த மடலின் பாதியில், இணைச் செயலாளரே போன் செய்தார். அதே மெதுவான குரல். "உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலை, மேடம். உங்க பதவியைப் புதுப்பிக்கிற ஃபைலும் என் மேசைலதான் இருக்கு, தெரியுமில்ல?"

எனக்குப் பயமாகத்தான் இருந்ததடி. உன் தைரியத்தை நீ யாருக்கும் விட்டுவிட்டுப் போகவில்லை, கூடவே கொண்டுபோய்விட்டாய். எனக்கு மிஞ்சியிருப்பது, பயந்துகொண்டே கட்டைப் பிரித்துக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற பழக்கம். அது போதுமானதாக இருக்கிறது. அதோடுதான் நாளைக்கும் நீதிமன்றம் போவேன். பதவி போனால் வாடகைத் தகராறு வழக்குக்கும் போவேன்.

"நல்லது, சார். அதையும் முழுசாப் படிச்சுட்டு, நீங்களே யோசிச்சு முடிவு பண்ணுங்க" என்றேன்.

போனை நான்தான் முதலில் வைத்தேன்.